சவுண்ட் மாட்யூலும் மிடி கன்ட்ரோலரும்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் வரும் கேள்விகள்

ஒரே பெட்டியில் வரும் கீபோர்டிலிருந்து விலகி, கீகளைத் தனியாகவும் (மிடி கன்ட்ரோலர்) ஒலியைத் தனியாகவும் (சவுண்ட் மாட்யூல்) வாங்கி இணைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முதல் 10 கேள்விகள் பெரும்பாலும் வாங்கப் போகிறவர்களுக்கு. அதற்கு மேல் உள்ளவற்றில் பெரும்பாலானவை, எல்லாவற்றையும் வாங்கிவிட்டு ஏதோ ஒன்று ஒத்துவராமல் தவிப்பவர்களுக்கு.

1. கன்ட்ரோலரை வாங்கி ஸ்பீக்கர்ல சொருகினேன், சத்தமே வரல. பழுதா?

பழுதில்லை. கன்ட்ரோலருக்குள் ஒலியே கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்தியை மட்டும்தான் அது அனுப்பும். நடு 'சி'யைச் சற்று அழுத்தி வாசித்தால் கேபிளில் போவது 144, 60, 90 என்ற மூன்று எண்கள். முதல் எண், 'முதல் சேனலில் ஒரு நோட் தொடங்குகிறது' என்கிறது (ஒரே கேபிளுக்குள் இருக்கும் 16 தனி வழிகளில் ஒன்றுதான் சேனல்). 60 அந்த நோட்டின் எண். 90 அழுத்திய வேகம், அதாவது வெலாசிட்டி. இந்த எண்களை வாங்கி ஒலியாக மாற்றுவதுதான் சவுண்ட் மாட்யூல். ஸ்பீக்கரோ மிக்ஸரோ மாட்யூலின் அவுட்டில்தான் வர வேண்டும்.

இந்த மொழிக்கு மிடி என்று பெயர். 1983-இல் வெளியான மிடி 1.0 இன்றும் அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்த ஆண்டு வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டால் நேற்று வாங்கிய மாட்யூலை இயக்க முடிகிறது.

2. வீட்ல ஏற்கனவே ஒரு பழைய கீபோர்டு இருக்கு. அதையே கன்ட்ரோலரா வெச்சுக்கலாமா?

பின்பக்கம் மிடி அவுட் அல்லது கணினிக்கான யூஎஸ்பி இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வோம். கீ தொடுஉணர்வு உள்ளதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் எப்படி அழுத்தினாலும் ஒரே வெலாசிட்டி போகும், மாட்யூலின் பியானோ உயிரில்லாமல் ஒலிக்கும்.

இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். நடுவில் கணினி இருந்தால் 'லோக்கல் கன்ட்ரோல்' (கீகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு இணைக்கும் அமைப்பு) ஆஃப் செய்யுங்கள். செய்யாவிட்டால் நீங்கள் அழுத்தியது உள்ளே ஒரு முறையும், கணினி சுற்றித் திருப்பி அனுப்புவதால் இன்னொரு முறையும் ஒலிக்கும். ஒலி குழாய்க்குள் பேசுவதுபோல மாறும், பாலிஃபொனியும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய எண்ணிக்கை) பாதியாகும். அடுத்தது, ரிதம் போட்டு வாசிக்கும் கீபோர்டுகள் தாளத்தையும் துணைக் கார்டையும் வேறு சேனல்களில் அனுப்பிக்கொண்டிருக்கும். மாட்யூலில் தேவையில்லாத ஒலிகள் கேட்டால், கீபோர்டின் மிடி மெனுவில் அந்த அனுப்பலை நிறுத்துங்கள், அல்லது மாட்யூலை ஒரே சேனலுக்கு மட்டும் செவிகொடுக்க வையுங்கள்.

3. இருக்கிற காசை கன்ட்ரோலர்ல போடணுமா, மாட்யூல்லயா?

கன்ட்ரோலரில். ஒலி பிடிக்கவில்லை என்றால் வேறு பேட்ச் (மாட்யூலில் சேமித்திருக்கும் வேறு ஒலி) எடுக்கலாம், மென்பொருளுக்கு மாறலாம், இரண்டாவது மாட்யூல் சேர்க்கலாம். கீ பிடிக்கவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை; தினமும் அதில்தான் விரல் விழும். நல்ல கீயில் சுமாரான பியானோ ஒலியைக்கூடச் சொல்ல வேண்டியபடி சொல்லிவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாடிக்கொண்டே பின்னால் ஸ்ட்ரிங்ஸ், பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும் மென்மையான ஒலி) மட்டும் பிடிப்பவருக்கு எளிய கீயே போதும். அவர் ஒலியில் செலவிடலாம்.

4. 49, 61, 76, 88... எத்தனை கீ வேணும்னு எப்படி முடிவு பண்றது?

ஸ்ப்ளிட் போட்டு, அதாவது கீபோர்டை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கைக்கும் ஓர் ஒலி கொடுத்து, எண்ணிப் பாருங்கள். 61 கீ என்பது 5 ஆக்டேவ். இடக்கை பேஸுக்கு 2 ஆக்டேவ் கொடுத்தால் வலக்கைக்கு 3 மிஞ்சும். அது லீடுக்கு (தனி மெட்டுக்கு) போதும், பியானோவுக்கு இறுக்கம். ஸ்ப்ளிட்டும் பியானோவும் சேர்ந்து வேண்டுமென்றால் 73 அல்லது 76. பியானோவுக்கென்றே எழுதிய பாடங்களை வாசிப்பவருக்கு 88-ஐத் தவிர வேறு வழியில்லை. மேசையில் உட்கார்ந்து இசை அமைப்பவர்களுக்கு 49 போதுமானது, 25 என்பது பயணத்துக்கு.

எடையையும் கணக்கில் சேருங்கள். 61 கீ லேசான கன்ட்ரோலர் 4, 5 கிலோவுக்குள் அடங்கும். சுத்தியல் அமைப்புள்ள 88 கீ 12 கிலோவிலிருந்து 20 கிலோவைத் தாண்டியும் போகும். பெட்டியோடு தூக்கினால் இன்னும் அதிகம்.

5. வெயிட்டட், செமி வெயிட்டட், சிந்த் ஆக்‌ஷன். இதுல எது நல்லது?

எதை வாசிப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. சிந்த் ஆக்‌ஷனில் கீயைத் திரும்பக் கொண்டுவருவது ஸ்பிரிங் மட்டும். ஆர்கனில் உள்ளங்கையால் வழுக்குவதும், லீடில் வேகமாக ஓடுவதும் இதில்தான் சுகம். சுத்தியல் அமைப்பில் ஒவ்வொரு கீக்குப் பின்னாலும் ஒரு எடை ஏறி இறங்கும். பியானோவின் மென்மையும் அழுத்தமும் இதில்தான் கைக்கு அடங்கும், ஆனால் ஆர்கன் வழுக்கல் விரலை நோகடிக்கும். செமி வெயிட்டட் இரண்டுக்கும் நடுவே. எல்லாவற்றையும் ஒரே கீபோர்டில் வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது அதுதான்.

கடையில் நிற்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒரே கீயை இரண்டு விரலால் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுங்கள். இரண்டு சென்சார் உள்ள அமைப்பில் கீ ஏறக்குறைய முழுதாக மேலே வந்தால்தான் அடுத்த அடி பதிவாகும். மூன்று சென்சார் இருந்தால் பாதியிலேயே திரும்ப அடிக்கலாம். அடுத்து, கறுப்புக் கீகளுக்கு நடுவே உள்ளே தள்ளி வெள்ளைக் கீயை அழுத்திப் பாருங்கள். மலிவான கீயில் அந்த இடம் கல்லாக இருக்கும். இரண்டு மூன்று ஷார்ப் உள்ள ஸ்கேலில் வாசிக்கும்போது கை அங்கேதான் போகும். கடைசியாக, அருகருகே உள்ள 10 கீகளை ஒரே பலத்தில் வாசியுங்கள். நடுவில் ஒன்று மட்டும் துள்ளினாலோ அடங்கினாலோ அந்தக் கருவி வேண்டாம்.

6. ஓங்கி அடிச்சாதான் சத்தம் வருது. மாட்யூல் மோசமா?

பெரும்பாலும் கன்ட்ரோலர் அனுப்பும் எண்களும் மாட்யூல் எதிர்பார்க்கும் எண்களும் பொருந்தவில்லை என்றுதான் பொருள். வெலாசிட்டி 1 முதல் 127 வரை. உங்கள் இயல்பான வாசிப்பு 40-க்கும் 80-க்கும் நடுவே நின்றுவிட்டால், மாட்யூலில் 100-க்கு மேல் வைத்திருக்கும் பளிச்சென்ற ஒலி வெளியே வரவே வராது. முன்பு சொன்ன டிஎக்ஸ்7-இன் கீகளும் 127-ஐ எட்டுவதில்லை. அந்தக் காலத்து எஃப்எம் ஒலிக்கு (மின்னணு முறையில் உருவாக்கிய ஒலி) அது உறுத்தவில்லை, இன்றைய பியானோ சாம்பிளுக்கு (உண்மைப் பியானோவைப் பதிவுசெய்த ஒலி) உறுத்தும்.

சரிசெய்யும் முறை: இரண்டு பக்கமும் வெலாசிட்டி கர்வை (அழுத்தும் வேகத்தை எண்ணாக மாற்றும் அமைப்பு) 'லீனியர்' அல்லது 'நார்மல்' ஆக்குங்கள். கணினியில் மிடி மானிட்டர் (வரும் மிடி எண்களைக் காட்டும் மென்பொருள்) ஒன்றைத் திறந்து, எண்ணைப் பார்க்காமல் ஒரு நிமிடம் வழக்கம்போல வாசியுங்கள். பிறகு பாருங்கள். மென்மையானவை 20, 30-இலும், ஓங்கியவை 115-க்கு மேலும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கன்ட்ரோலரில் மட்டும் கர்வை மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுத்தர வேகமே காணாமல் போய்விடும்.

7. இப்ப லேப்டாப்பே எல்லாம் பண்ணுதே. தனியா மாட்யூல் எதுக்கு?

ஒலியின் தரத்தில் லேப்டாப் பின்தங்கவில்லை, சொல்லப்போனால் பல இடங்களில் முந்தியிருக்கிறது. ஒரு பியானோவுக்கே பல ஜிகாபைட் சாம்பிள் ஏற்ற முடியும். மாட்யூலின் பலம் வேறு. ஸ்விட்சைப் போட்டதும் சில நொடிகளில் தயார், நடுவில் அப்டேட் கேட்காது, தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், ஒரு பவர் கேபிளும் ஒரு மிடி கேபிளும் போதும்.

லேப்டாப்பில் வாசிக்க நினைத்தால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் தனிப் பெட்டி) கட்டாயம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து ஒரு தடவையில் அனுப்பும் அளவு) 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி விநாடி, 256 என்றால் 5.3. இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் இதற்கு மேல். பஃபரைக் குறைக்கக் குறைக்க விரலுக்கு நெருக்கம் கூடும், கணினிக்குத் திணறல் கூடும். திணறினால் 'டப் டப்' என்று வெடிக்கும். மேடைக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டும் சேர்ந்த அமைப்பு: பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் போன்ற அன்றாட ஒலிகள் மாட்யூலில், சிறப்பு ஒலிகள் லேப்டாப்பில். லேப்டாப் நின்றால் பாட்டு நிற்காது.

8. டெமோல கேட்கும்போது எல்லாமே அருமையா இருக்கு. எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது?

முதல் வேலையாக ரிவெர்பையும் (எதிரொலி) கோரஸையும் (ஒலியை அகலமாக்கும் விளைவு) அணைத்துவிடுங்கள். டெமோவில் மயக்குவதில் பாதி அதுதான். பிறகு ஒரே நோட்டை மெதுவாகத் தொடங்கி படிப்படியாக ஓங்கி 15 முறை அடியுங்கள். ஒலியின் நிறம் வழுக்கிக்கொண்டு மாற வேண்டும். ஓர் இடத்தில் திடீரென்று வேறு கருவி வந்ததுபோலத் தாவினால் அங்கே சாம்பிள் அடுக்கு மாறுகிறது. வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் அது காதைக் குத்தும். அடுத்து ஒரு பியானோ நோட்டைப் பிடித்துக்கொண்டு முழுதாக அடங்கும்வரை கேளுங்கள். சில விநாடிகளில் 'வாவ் வாவ்' என்று ஒரே துண்டு சுழல்வது கேட்டால், குறுகிய சாம்பிளைச் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

மோனோவில் கேட்கவும் மறக்காதீர்கள். பல மேடைகளில் ஸ்பீக்கர்களுக்கு மோனோதான் போகும். ஸ்டீரியோவில் விரிந்து ஒலித்த பியானோ, இரண்டு பக்கமும் கலந்ததும் உள்ளீடற்றுப் போவது அடிக்கடி நடப்பது. இடது அவுட்டில் 'மோனோ' என்று எழுதியிருந்தால் அதை மட்டும் சொருகிக் கேட்டால் தெரிந்துவிடும். மோனோவுக்கென்றே தனிப் பியானோ பேட்ச் வைத்திருக்கும் மாட்யூல்களும் உண்டு, அதை எடுங்கள்.

9. 64 பாலிஃபொனின்னு போட்டிருக்கு. எனக்கு 10 விரல்தானே, போதாதா?

பாலிஃபொனி எண்ணுவது விரலை அல்ல, ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் ஒலி இழைகளை. ரோலண்ட் 1994-இல் வெளியிட்ட ஜேவி-1080-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு 64 இழை. ஆனால் அதன் ஒரு பேட்சுக்குள் 4 டோன் வரை அடுக்கலாம். நான்கும் ஒலிக்கும் பேட்சில் ஒரு நோட்டுக்கு 4 இழை செலவாகும். 64-ஐ 4-ஆல் வகுத்தால் 16 நோட். பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு ஆர்பீஜியோ (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பது) ஓடினாலே 16 தாண்டிவிடும். தாண்டியதும் பழைய நோட்டுகள் பாதியில் அறுபடும்.

ஆகவே பியானோவும் அதன்மேல் ஸ்ட்ரிங்ஸ் லேயரும் வாசிப்பவர் 128 உள்ளதைத் தேடலாம். லீடும் பேஸும் மட்டும் வாசிப்பவருக்கு 64 தாராளம்.

10. சேனலை மாத்திக்கிட்டே வந்தேன், 10-ல வெச்சதும் எல்லா கீயும் டிரம்ஸா ஆயிடுச்சு!

அது விதிப்படிதான். 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஒழுங்கில் 10-ஆம் சேனல் தாளக் கருவிகளுக்கு. ஒவ்வொரு கீக்கும் ஒரு டிரம். மீதி 15 சேனல்களில் எந்த ஒலியையும் வைக்கலாம். ஒரு மாட்யூல் 'மல்டி டிம்பரல் 16' என்றால், 16 சேனலிலும் 16 வேறு ஒலிகளை ஒரே சமயத்தில் கொடுக்கும் என்று பொருள். பாலிஃபொனி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

சத்தமே வராதபோதும் முதலில் பார்க்க வேண்டியது சேனலைத்தான். கன்ட்ரோலர் 1-இல் அனுப்பி மாட்யூல் 2-இல் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் நன்றாக இருந்தும் மௌனம்தான் மிஞ்சும்.

11. கன்ட்ரோலர்ல யூஎஸ்பி மட்டும்தான் இருக்கு, மாட்யூல்ல 5 பின் மிடி. யூஎஸ்பி-மிடி கேபிள் போட்டா வேலை செய்யும்தானே?

செய்யாது. இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். யூஎஸ்பியில் ஒரு பக்கம் 'ஹோஸ்ட்', மறுபக்கம் 'டிவைஸ்'. ஹோஸ்ட்தான் பேச்சைத் தொடங்கும், மின்சாரமும் அதுவே கொடுக்கும். கன்ட்ரோலர் ஒரு டிவைஸ். நீங்கள் சொல்லும் கேபிளும் ஒரு டிவைஸ்தான். அது கணினியில் சொருகுவதற்காகச் செய்தது. இரண்டு டிவைஸ்களை நேருக்கு நேர் இணைத்தால் இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு மூன்று. கணினியையோ டேப்லெட்டையோ நடுவில் வைப்பது. 'யூஎஸ்பி மிடி ஹோஸ்ட்' என்று விற்கும் சிறு பெட்டியைப் போடுவது. அல்லது வாங்கும்போதே 5 பின் அவுட் உள்ள கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது. மாட்யூலோடு வாசிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்றாவதைத் தேடுங்கள். ஹோஸ்ட் பெட்டி என்றால் இரண்டு நிபந்தனைகள்: கன்ட்ரோலர் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' ஆக, அதாவது தனி டிரைவர் கேட்காததாக இருக்க வேண்டும், அது இழுக்கும் மின்சாரத்தைப் பெட்டி கொடுக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவு 500 மில்லி ஆம்பியர். விரலால் தட்டும் பேட்கள் முழுக்க விளக்கு எரியும் கன்ட்ரோலர்கள் இதில் தடுமாறி, வாசிக்கும் நடுவே அணைந்து எரியும்.

மாட்யூலிலேயே யூஎஸ்பி இருந்தால் சாக்கெட்டின் வடிவத்தைப் பாருங்கள். சதுரமானது கணினிக்கு. தட்டையானது பென்டிரைவுக்கு மட்டுமாகவும் இருக்கலாம், கன்ட்ரோலரை ஏற்கும் ஹோஸ்ட்டாகவும் இருக்கலாம். மேனுவலில் அந்த வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

12. மிடி சாக்கெட்டே இல்ல, இயர்போன் மாதிரி சின்ன ஓட்டை இருக்கு. மாற்றி போட்டும் சத்தம் வரல.

அது 3.5 மில்லிமீட்டர் டிஆர்எஸ் மிடி. 5 பின்னிலும் வேலை செய்வது மூன்று முனைகள்தான் (4, 5, நடுவில் 2), அதனால் சின்ன ஜாக்கிலும் அடங்கிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், தொடக்கத்தில் ஆளுக்கொரு விதமாக வயரை இணைத்தார்கள். ஏ வகையில் ஜாக்கின் நுனி 5-ஆம் பின்னுக்கும் வளையம் 4-ஆம் பின்னுக்கும் போகும். பி வகையில் இது தலைகீழ். 2018-இல் ஏ வகையைத் தரமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு முந்தைய பி வகைக் கருவிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வகை மாறினால் கருவி கெடாது, சத்தம் வராது, அவ்வளவுதான். மற்ற வகை அடாப்டரைப் போட்டால் பேசும். ஜாக்கில் இரண்டு கறுப்புக் கோடு இருக்க வேண்டும்; ஒற்றைக் கோடுள்ள மோனோ கேபிள் உதவாது.

13. ஒரு கன்ட்ரோலர், ரெண்டு மாட்யூல். எப்படி சொருகணும்?

கன்ட்ரோலரின் அவுட்டிலிருந்து முதல் மாட்யூலின் இன்னுக்கு. முதல் மாட்யூலின் 'த்ரூ'விலிருந்து இரண்டாவதன் இன்னுக்கு. அவுட்டிலிருந்து எடுத்தால் வராது. அவுட் அந்த மாட்யூல் தானே சொல்ல விரும்புவதை மட்டும் அனுப்பும், த்ரூதான் வந்ததை அப்படியே கடத்தும். பிறகு முதல் மாட்யூலைச் சேனல் 1-க்கும் இரண்டாவதைச் சேனல் 2-க்கும் ஒதுக்குங்கள். மூன்று நான்கு கருவிக்கு மேல் இப்படிச் சங்கிலி போட வேண்டாம், ஒவ்வொரு கட்டத்திலும் சிக்னலின் விளிம்பு கொஞ்சம் மழுங்கும். அதற்கு மேல் என்றால், ஒரு மிடி சிக்னலைப் பல வழிகளாகப் பிரிக்கும் த்ரூ பாக்ஸ். ஒரு மிடி கேபிளின் நீள வரம்பு 15 மீட்டர்.

இதன் தலைகீழ், அதாவது இரண்டு கன்ட்ரோலர் ஒரு மாட்யூல் என்றால், ஒய் கேபிள் போடக் கூடாது. இரண்டு பக்கத்து எண்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து குப்பையாகும். மிடி மெர்ஜர் என்ற பெட்டி வேண்டும்.

14. இடது கைக்கு பேஸ், வலது கைக்கு பியானோ. இதை கன்ட்ரோலர்ல பண்றதா மாட்யூல்லயா?

எதில் வசதியோ அதில், ஆனால் ஒன்றில் மட்டும். கன்ட்ரோலரில் 'ஸோன்' இருந்தால் கீழ்ப்பகுதியைச் சேனல் 2-க்கும் மேற்பகுதியைச் சேனல் 1-க்கும் அனுப்பிவிடலாம். இரண்டு மாட்யூல் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வழி. ஸோன் இல்லாத கன்ட்ரோலர் என்றால், மாட்யூலின் மல்டி அல்லது பெர்ஃபார்மன்ஸ் மோடில் இரண்டு பார்ட்டையும் ஒரே சேனலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீ எல்லை கொடுங்கள். பேஸ் பார்ட்டில் சஸ்டெய்ன் பெடலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பியானோவுக்கு மிதிக்கும்போதெல்லாம் பேஸ் நோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கும்.

எல்லையை எழுதும்போது ஒரு குழப்பம் வரும். நோட் எண் 60-ஐ யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. இரண்டு நிறுவனக் கருவிகளைச் சேர்த்தால் ஸ்ப்ளிட் ஓர் ஆக்டேவ் தள்ளி விழுவது இதனால்தான்.

15. கன்ட்ரோலர்ல 25 அனுப்புறேன், மாட்யூல்ல 26 வருது. வேற பேங்குக்கு போகவே மாட்டேங்குது.

முதல் பாதி எண்ணும் முறை. கேபிளில் புரோகிராம் எண் (எந்த ஒலி வேண்டும் என்று சொல்லும் எண்) 0 முதல் 127 வரை போகிறது. சில கருவிகள் திரையில் அதை 1 முதல் 128 என்று காட்டுகின்றன. உங்கள் கன்ட்ரோலர் 0-இலிருந்து எண்ணுகிறது, மாட்யூல் 1-இலிருந்து. ஒன்றைக் கழித்து அனுப்புங்கள்.

இரண்டாம் பாதி, 128-க்கு மேல் உள்ள ஒலிகளுக்கு; அவை பேங்க் என்ற தொகுப்புகளாகப் பிரிந்திருக்கும். அவற்றை எட்ட மூன்று செய்திகள் வரிசை தவறாமல் போக வேண்டும்: சிசி 0 (சிசி என்பது கன்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி செய்தி), பிறகு சிசி 32, கடைசியாக புரோகிராம் எண். பேங்க் எண்களை மட்டும் அனுப்பினால் பெரும்பாலான மாட்யூல்கள் அசையாது. புரோகிராம் எண் வந்த பிறகுதான் கதவு திறக்கும். எந்தப் பேங்குக்கு எந்த எண் என்பது ஒவ்வொரு மாட்யூலின் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் பட்டியலாக இருக்கும். கன்ட்ரோலர் சிசி 32 அனுப்பாத வகை என்றால், அந்த மாட்யூலின் பாதி ஒலிகளுக்கு நீங்கள் கையால்தான் போக வேண்டும். வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

16. பெடலை மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா இழுக்குது. தலைகீழா இருக்கே?

பெடலுக்குள் இருக்கும் ஸ்விட்ச் இரண்டு வகை. மிதிக்காதபோது இணைந்திருப்பது ஒன்று, மிதித்தால் இணைவது மற்றது. யமஹா, கோர்க் பெடல்கள் முதல் வகை. ரோலண்ட், காசியோ இரண்டாம் வகை. பெடலின் அடியில் சிறு ஸ்விட்ச் இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலரை அணைத்து, பெடலைச் சொருகி, அதன்மேல் கால் வைக்காமல் மீண்டும் போடுங்கள். பல கன்ட்ரோலர்கள் ஆன் ஆகும் நொடியில் பெடலின் நிலையைப் பார்த்து, அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும்.

பாதி மிதிப்பு வேண்டுமென்றால் பெடல், கன்ட்ரோலர், மாட்யூல் மூன்றும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் பெடல் சிசி 64-இல் 0 அல்லது 127 மட்டும் அனுப்பும். மூன்றில் ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் 64-இலிருந்து மேலே ஆன், அதற்குக் கீழ் ஆஃப் என்றுதான் நடக்கும்.

17. வால்யூம் பெடலுக்கு சிசி 7 வைக்கணுமா, 11-ஆ?

11. சிசி 7 என்பது மிக்ஸரில் வைத்துவிட்டு மறக்கும் அளவு, சிசி 11 வாசிக்கும்போது ஏற்றி இறக்குவது. இரண்டும் பெருக்கிக்கொள்ளும். 7-ஐக் காலில் வைத்தால் நீங்கள் கணக்காக அமைத்த லேயர் விகிதம் முதல் மிதியிலேயே கலைந்துவிடும். எக்ஸ்பிரஷன் பெடலிலும் நுனிக்கும் வளையத்துக்கும் போகும் வயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவறான பெடல் முழு வீச்சில் ஏறாமல் கடைசியில் திடீரென்று குதிக்கும்.

18. நோட் ஒண்ணு தொங்கிக்கிட்டு நிக்கவே மாட்டேங்குது. மேடையில என்ன பண்றது?

உடனே: கன்ட்ரோலரின் 'பேனிக்' பட்டன். அது சிசி 123, சிசி 120 ஆகியவற்றை அனுப்பும். பெடல் மிதிபட்டிருக்கும்போது 123-ஐக் கேட்காத மாட்யூல்கள் உண்டு, 120 வெட்டிவிடும். பேனிக் இல்லாவிட்டால் மாட்யூலின் பேட்சை மாற்றித் திரும்ப வாருங்கள்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். கீயைப் பிடித்துக்கொண்டே ஆக்டேவ் பட்டனை அழுத்தினால், தொடங்கியது 60, நின்றது 72 என்று போய்விடும், 60 தொங்கும். பெடலை மிதித்தபடி ஸோனையோ சேனலையோ மாற்றினால், பெடலை விட்ட செய்தி புதிய சேனலுக்குப் போகும். இவை இரண்டும் இல்லையென்றால் கேபிள் ஆட்டம்.

19. வாசிக்கிறதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி தெரியுது. மிடி ஸ்லோவா?

5 பின் மிடி ஒரு விநாடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி. 10 நோட் கார்டு என்றால் முதல் நோட்டுக்கும் கடைசி நோட்டுக்கும் நடுவே சுமார் 10, முதல் எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பாத சுருக்க முறை இருந்தால் 7. ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்துசேர 9 மில்லி விநாடி ஆகிவிடும். எனவே மிடியைச் சந்தேகிக்கும் முன் 7-ஆம் கேள்வியில் சொன்ன பஃபரைப் பாருங்கள், புளூடூத் இருந்தால் கேபிளுக்கு மாறுங்கள். புளூடூத்தில் தாமதம் கூடுவது மட்டுமல்ல, ஒவ்வொரு நோட்டுக்கும் வேறுவேறாக இருக்கும். தாளம் பிசகுவதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

20. யூஎஸ்பி சொருகினதும் ஸ்பீக்கர்ல 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல்.

கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று சுற்றாக இணைவதால் வரும் இரைச்சல். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் உறுதி. மிடி இன்னில் ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ கப்ளர் இருப்பதால் 5 பின் இணைப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. யூஎஸ்பி கட்டாயம் என்றால் மாட்யூலுக்கும் மிக்ஸருக்கும் நடுவே கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியைப் போடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிப்பது உயிருக்கு ஆபத்து, அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

21. நாப், பேட், ஆஃப்டர்டச், எம்பிஇ, மிடி 2.0. இதெல்லாம் பார்த்து வாங்கணுமா?

நாப் வேண்டுமென்றால் முடிவில்லாமல் சுற்றுவதை எடுங்கள். நின்றுவிடும் நாப், பேட்ச் மாற்றியதும் திரையிலுள்ள மதிப்போடு ஒத்துப்போகாது. தொட்டதும் ஒலி குதிக்கும். ஆஃப்டர்டச் (அழுத்திய கீயை மேலும் அழுத்துவதை உணர்வது) ஸ்ட்ரிங்ஸுக்கும் லீடுக்கும் உண்மையிலேயே பயன்படும், ஆனால் மாட்யூலின் பேட்ச் அதைக் கேட்கிறதா என்று பாருங்கள். எம்பிஇ ஒவ்வொரு நோட்டையும் தனிச் சேனலில் அனுப்பித் தனித்தனியே வளைக்க விடுகிறது. மாட்யூலும் எம்பிஇ அறிந்ததாக இல்லாவிட்டால் வீண். மிடி 2.0 2020-இல் வந்தது, பழையவற்றோடும் பேசும். இன்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

22. பழைய ரேக் மாட்யூல் ஒண்ணு கிடைக்குது. எதைப் பார்த்து வாங்கணும்?

போட்டதும் திரையில் பேட்டரி எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். பயனர் சேமித்த ஒலிகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு லித்தியம் பேட்டரி, பல மாட்யூல்களில் சிஆர்2032. அதைக் கழற்றினால் சேமித்தவை போய்விடும். எனவே மாற்றும் முன் மாட்யூலின் மெனுவிலிருந்து 'பல்க் டம்ப்' (உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே அனுப்புவது) கொடுத்து, கணினியில் மிடி-ஆக்ஸ் போன்ற மென்பொருளால் அதை ஒரு சிஸ்எக்ஸ் (கருவிக்கே உரிய தரவுகளைக் கொண்ட மிடி செய்தி) கோப்பாகப் பிடித்துவையுங்கள். மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்கள் நீண்ட சிஸ்எக்ஸை நடுவில் தின்றுவிடுவதுண்டு. இரண்டு முறை பிடித்து, கோப்பின் அளவு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

மற்றவை விரைவில் முடியும். எல்லா அவுட்டிலும் ஜாக்கைச் சொருகி மெல்ல ஆட்டுங்கள், கரகரப்பு வந்தால் சோல்டர் விட்டிருக்கிறது. டேட்டா நாபை மெதுவாகச் சுற்றுங்கள், எண் முன்னும் பின்னும் தாவினால் தேய்ந்துவிட்டது. 16 சேனலிலும் ஒரு நோட் வாசியுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு மீண்டும் கேளுங்கள்.

23. அடாப்டர் தொலைஞ்சுபோச்சு. வோல்ட் சரியா இருந்தா வேறது போடலாமா?

வோல்ட் மட்டும் போதாது. நான்கும் பொருந்த வேண்டும். வோல்ட் அதே அளவு. ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல். வெளியீடு டிசியா ஏசியா; பழைய மாட்யூல்கள் சில 9 வோல்ட் ஏசி கேட்கும், டிசி போட்டால் ஓடாது. நான்காவது, நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா. கருவியின் பின்னால் வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறிகளும் வரைந்திருக்கும். அதே படம் அடாப்டரிலும் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால், பாதுகாப்பு டையோடு இல்லாத கருவி அந்த நொடியே போய்விடும். சரியானது கிடைத்ததும் அதன் பிளக்கில் ஒரு வெள்ளை டேப் சுற்றி மாட்யூலின் பெயரை எழுதிவிடுங்கள்.